வாவிக்கு அப்பால் – 11: யானைக்கு யார் காசு?

மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எமர்சன் டெனன்ட் அந்நியர் அல்லர். 1848 செப்டம்பரில், நிலவு ஏறிய பிறகு மீனவர்களோடு தோணியில் வாவிக்குள் போய், தண்ணீருக்கு அடியிலிருந்து வந்த இசையைக் கேட்டு எழுதிவைத்த வெள்ளைக்காரர். பாடும்மீன் பேச்சு எழும்போதெல்லாம் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம். ஆனால் அவர் சும்மா ஊர் பார்க்க வந்தவர் அல்லர். இலங்கை அரசாங்கத்தின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். 1859இல் வெளியான அவருடைய இலங்கை நூலில், பாடும்மீனிலிருந்து பல பக்கம் தள்ளி, நாங்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகள் கொல்லப்பட்டு அவற்றுக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் மேலும் 2,000. தலைக்குச் சில சிலிங்.

காட்டு விலங்கைக் காக்க இந்த நாட்டு அரசு செலவழித்த காசின் கதையை எழுத உட்கார்ந்தால், கொல்லச் செலவழித்த காசிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சன்மானத்துக்குப் பயிர்ச்சேதம் என்று காரணம் சொன்னார்கள். பொய் இல்லை, யானை வயலில் இறங்கியது, சேனையை அழித்தது. ஆனால் கிராமத்தான் சேனை அழிவது அதற்கு முன்னும் நடந்ததுதான், அப்போது எந்த அரசும் துப்பாக்கிக்காரனுக்குக் காசு நீட்டவில்லை. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையெல்லாம் அரசுக்குரியதாக்கியது. மலைநாட்டில் அந்தக் காடு கோப்பித் தோட்டத்துக்கு விலைபோனது. விற்கிற காணியில் யானை நின்றால் வாங்குகிறவனுக்குத் தொல்லை. மேஜர் ரொஜர்ஸ் பதுளைப் பக்கத்தில் தனியொருவராக 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்த 1,400இல் கொம்பன் மிகக் கொஞ்சம். எங்கள் நாட்டு ஆண் யானைகளில் பத்துக்கு ஒன்றுக்குக்கூடக் கொம்பு இல்லை, பெரும்பாலானவை அலியன்கள். தந்தத்துக்காகச் சுட்டிருந்தால் இவ்வளவு சுட வேண்டியதில்லை.

மட்டக்களப்புப் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி. போன பகுதியில் ஏறாவூர்ப் பணிக்கர்மாரைப் பார்த்தோம். மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ திரித்த கயிறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், யானையின் பின்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுகிற முஸ்லிம் வேட்டைக்காரர்கள். டெனன்ட் அவர்களை வியந்து எழுதியிருக்கிறார். அவர்கள் பிடித்த யானை உயிரோடு இந்தியாவுக்குக் கப்பலேறியது. ஒரே மிருகத்துக்கு அரசின் ஏட்டில் இரண்டு பக்கம் இருந்தது: செத்தால் செலவு, உயிரோடு விற்றால் வரவு. அந்த வரவு புரிந்த பிறகுதான் சுடுவதைக் கட்டுப்படுத்தும் யோசனை வந்தது என்று நான் நினைக்கிறேன். 1872இலும் 1891இலும் சட்டங்கள் வந்தன. யானை, எருமை முதலியவற்றை வீணாக அழிப்பதைத் தடுப்பது என்று அவற்றின் தலைப்பிலேயே இருந்தது. ‘வீணாக’ என்பதில்தான் எல்லாம். அனுமதிச் சீட்டெடுத்துச் சுட்டால் அது வீண் இல்லை.

1894 மே 23இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. பலமுறை பெயர் மாறி இன்றைக்கு வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இருப்பது அதுதான். தொடங்கியவர்கள் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும். பெரும்பாலும் நல்ல வேட்டைக்காரர்கள். தங்கள் பேரப்பிள்ளைகளும் சுட மான் மிஞ்ச வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. இதைக் கேலிசெய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் மான்தோலும் கொம்பும் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அதை எதிர்த்துப் பேச வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் உண்மை. நூற்றாண்டு திரும்பும்போது யாலவும் வில்பத்துவும் ஒதுக்கிடங்களாயின. 1908இல் யாலவின் முதல் காவலராக அமர்த்தப்பட்டவர் எங்கல்பிரெக்ட், பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட போயர் யுத்தக் கைதி. அவரைப் பற்றித் தனி நாவலே எழுதலாம். இந்தத் தொடருக்கு வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது அந்த ஒதுக்கிடங்கள் எங்கே விழுந்தன என்பது. ஒன்று தென்கிழக்கு மூலையில், மற்றது வடமேற்குக் கரையில். வேட்டைக்காரத் துரைமாரின் விருப்பம் எங்கே இருந்ததோ அங்கே கோடு விழுந்தது. மட்டக்களப்புக் காட்டுக்கு அப்படி ஒரு கோடு கிடைக்கவில்லை. கோடு இல்லாததால் நன்மையும் இருந்தது: வேடரும், பணிக்கரும், தேன் எடுப்பவரும், பட்டி மாடு மேய்ப்பவரும் ‘கள்ள வேட்டைக்காரர்’ ஆகாமல் சில தலைமுறை பிழைத்தார்கள்.

1937 என்ற ஆண்டை இந்தக் கதையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில் உலகின் இரண்டு கோடிகளில் இரண்டு சட்டங்கள் பிறந்தன.

முதலாவது அமெரிக்காவில். நெவாடாவின் செனட்டர் பிட்மன், வேர்ஜினியாவின் காங்கிரஸ் உறுப்பினர் றொபேட்சன் இருவரின் பெயரால் அறியப்படும் அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1937 செப்டம்பர் 2இல் கையெழுத்திட்டார். அங்கேயும் கதை எங்களுடையது போலத்தான் தொடங்கியது: காட்டெருமையைச் சுட்டுத் தீர்த்தார்கள், மான் அருகியது, காட்டு வான்கோழி பல மாநிலங்களில் இல்லாமலே போனது. மாநிலங்களிடம் விலங்குகளைப் பார்க்கத் திணைக்களம் இருந்தது, காசு இல்லை. வேட்டைச் சீட்டுக் காசு வந்தாலும் அதை எடுத்து வீதி போடவும் வேறு வேலை செய்யவும் மாநில அரசுகளுக்குக் கை நீண்டது. புதிய சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரியைத் தனியாக ஒதுக்கியது. அது மாநிலத்தின் பரப்பையும், சீட்டெடுத்த வேட்டைக்காரர் தொகையையும் பார்த்துப் பங்கிடப்பட்டது. ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கை மத்தி தரும், கால் பங்கை மாநிலம் போட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கெட்டித்தனமான நிபந்தனை ஒன்று: வேட்டைச் சீட்டுக் காசை வேறு எதற்கும் தொடமாட்டோம் என்று சட்டம் இயற்றாத மாநிலத்துக்கு ஒரு சதமும் இல்லை. காசு போகும் வாய்க்காலுக்குச் சட்டத்தாலேயே கட்டுக் கட்டிவிட்டார்கள். மானும் வான்கோழியும் திரும்பி வந்ததில் இந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. குறையும் அதிலேயே இருக்கிறது. வேட்டைக்காரன் கொடுத்த காசு, வேட்டைக்காரன் விரும்பும் விலங்கைத் தேடித்தான் அதிகம் போகும். தவளைக்கும் பல்லிக்கும் அந்தக் கணக்கில் கடைசி வரிசைதான்.

இரண்டாவது சட்டம் எங்களுடையது. 1937இன் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். டி. எஸ். சேனாநாயக்க காணி, விவசாய அமைச்சராக இருந்த காலம் அது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. இறுக்கமான இயற்கை ஒதுக்கிடம், தேசிய பூங்கா, இடைநிலை வலயம் என்று சட்டம் காட்டைத் தரம் பிரித்தது. இடைநிலை வலயத்தில் அப்போது சீட்டெடுத்துச் சுடலாம். எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம். அக்காலத்து ஆசிய நாடுகள் பலவற்றில் இவ்வளவு தெளிவான சட்டம் இல்லை. ஆனால் அமெரிக்காக்காரன் கட்டிய அந்த வாய்க்கால்கட்டு இதில் இல்லை. சீட்டுக் காசு திறைசேரிக்குப் போயிற்று. திறைசேரி எதைத் திருப்பிக் கொடுக்க மனம் வைக்கிறதோ அதுதான் காட்டுக்கு. சட்டத்தை நடத்தும் பொறுப்பு முதலில் காட்டுத் திணைக்களத்திடம் விழுந்தது. மரம் வெட்டி வருமானம் காட்ட வேண்டிய திணைக்களத்திடம் மரையைக் காக்கவும் சொன்னார்கள். வனசீவராசிகளுக்கென்று தனித் திணைக்களம் 1949 அக்டோபரில்தான் வந்தது. அதன் முதல் தலைவர் சி. டபிள்யூ. நிக்கலஸ். இலங்கையின் பண்டைய இடப்பெயர்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நிக்கலஸும் இவரேதான். காட்டுக்குள் இடிந்துகிடந்த குளக்கட்டுகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் போனவருக்கு யானைத் தடம் புதிதாக இருந்திராது.

அந்த 1949இலேயே இன்னொரு நிறுவனமும் பிறந்தது: கல்லோயா அபிவிருத்திச் சபை. மட்டக்களப்புக் காட்டின் தலையெழுத்தை மாற்றியது திணைக்களம் அல்ல, இந்தச் சபை.

இன்றைய அம்பாறை மாவட்டம் அப்போது இல்லை. 1961இல்தான் அது பிரிந்தது. ஆகவே கல்லோயாவில் நடந்தது பெரும்பாலும் மட்டக்களப்பு மாவட்டத்துக் கதை. மொறிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது. அதன் கீழே காடு வெட்டி வயலாகி, குடியேற்றத் திட்டங்கள் வரிசையாக வந்தன. அந்தக் காட்டில் யார் இருந்தார்கள், யார் வந்தார்கள் என்ற அரசியலை இந்தத் தொடரின் நான்காம் பகுதியில் பேசியாகிவிட்டது. இங்கே யானையை மட்டும் பார்ப்போம். தண்ணீரும் புல்லும் நிறைந்த பள்ளத்தாக்கு அதன் கையை விட்டுப் போயிற்று. 1954 பெப்ரவரி 12இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 25,900 ஹெக்டயர் கல்லோயா தேசிய பூங்கா ஆனது.

அதை அறிவித்து நடத்தியது வனசீவராசிகள் திணைக்களம் அல்ல, கல்லோயாச் சபைதான். நீரேந்து பிரதேசத்தில் காடு நின்றால்தான் குளத்தில் மண் நிரம்பாது. குளம் நின்றால்தான் கீழே நெல். காட்டைக் காத்த காசு உண்மையில் நெல்லுக்கான காசு. யானைக்கு அது ஒரு பக்க இலாபம். 1965இல்தான் பூங்கா திணைக்களத்தின் கைக்கு வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. திறைசேரியிடம் கெஞ்சி நின்ற திணைக்களத்தைவிட, ஒரு குளத்தின் தேவை காட்டை நன்றாகவே காத்திருக்கிறது. ஆனால் குளத்துக்கு எந்தக் காடு வேண்டுமோ அதற்குத்தான் வேலி போடப்பட்டது. யானையின் வழித்தடம் குளத்தின் வரைபடத்தில் இல்லை. அது முன்பு நடந்த தடத்தில் இப்போது வரப்பும் வாய்க்காலும் வீடும்.

முப்பது ஆண்டு கழித்து இதே கதை வடமேற்கே இன்னும் பெரிதாக நடந்தது. முப்பது ஆண்டுக்கென்று போட்ட மகாவலித் திட்டத்தை 1977க்குப் பின் ஆறு ஆண்டுக்குள் முடிப்பதென்று புறப்பட்டார்கள். மாதுறு ஓயா அணைக்குக் கனடா காசு கொடுத்தது. சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் அதன் பின் பூங்காக்களுக்கும் அமெரிக்க உதவி நிறுவனம் காசு கொடுத்தது. காடு வெட்டுவதற்குக் கடன் கொடுக்கிற நாடுகள் தங்கள் ஊர்ப் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டிருந்தது. 1983 நவம்பர் 9இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது, 58,850 ஹெக்டயர். அடுத்து வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, சோமாவதி. சோமாவதிப் பக்கத்தில் வில்லுகள் எனப்படும் சதுப்பு நிலங்களில் திரியும் பெருத்த யானைகளை விலங்கியலாளர் தெரணியகல தனி உப இனமாகவே வகைப்படுத்தியிருந்தார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை, ஆனால் ‘வில் அலியா’ என்ற பெயர் சிங்களத்தில் நிலைத்துவிட்டது.

மாதுறு ஓயாப் பூங்காவுக்காக வேடர் காட்டை விட்டு ஹெனானிகலவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். தம்பானையின் தலைவர் திசாஹாமி போக மறுத்தார். நேற்றுவரை வேட்டையாடிய நிலத்தில் இன்று வில் தூக்கினால் குற்றம். பாதுகாப்புக் காசு எங்கிருந்து வந்தாலும், அதன் விலையை முதலில் கொடுப்பவர் காட்டுக்குள் இருப்பவர் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்க வரிசெலுத்துநரின் டொலர் ஒரு பக்கம், வேடனின் தேன் காடு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுத அன்றைக்கு யாரும் முயலவில்லை.

பூங்கா அறிவிக்கப்பட்ட அதே 1983இன் ஜூலையில் என்ன நடந்தது என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தகாலத்தை இங்கே சுருக்கமாகவே கடக்கிறேன். வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையில் திணைக்களத்துக்கு வேலை இருக்கவில்லை. வில்பத்துவே நீண்ட காலம் மூடிக்கிடந்தது. 2000ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி, உலகச் சூழல் நிதியம், நெதர்லாந்து எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த பாதுகாப்புத் திட்டம் மின்னேரியா, உடவளவை, பூந்தல, வஸ்கமுவ, ஹோர்டன் சமவெளி என்று தன் முன்னோடி இடங்களைத் தேர்ந்தது. கிழக்குக்கரைக் காடு பட்டியலில் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. சனம் இடம்பெயர்ந்த வயல்களில் பற்றை வளர்ந்தது. பற்றைக்குள் யானை வந்தது. 2007இல் உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கத்துச் சனம் திரும்பி வந்து கத்தி எடுத்துப் பற்றை வெட்டியபோது, அங்கே மனிதரை அதிகம் காணாத யானைகள் நின்றன.

இனி வவுணதீவுக்கு வருவோம். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் மண்முனை மேற்குப் பிரதேசம். வாவியோரத்துக் கிராமங்களில் முதலைப் பயம். உள்ளே போகப் போக, பாவற்கொடிச்சேனை, உன்னிச்சை என்று, ஆனைப் பயம். மேற்கே மாதுறு ஓயா, தென்மேற்கே கல்லோயா. இரண்டு பூங்காக்களுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் வயல் வட்டைகள் இவை. வெள்ளாமை குடலைப் பருவத்தில் நிற்கும்போது காவல் வாடியில் படுக்கிறவன் கண் மூடுவதில்லை. திணைக்களத்துக்குத் தகவல் போனால் யானை வெடி கொடுப்பார்கள். சத்தத்துக்கு யானை முதல் வருடம் ஓடியது. பிறகு பழகிவிட்டது.

யுத்தத்துக்குப் பிந்திய அரசின் பதில் மின்வேலி. நாடு முழுவதும் இப்போது சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகிறது. சூரியப் பலகையில் ஏறும் 12 வோல்ட் பற்றரி. அதிலிருந்து ஒரு கருவி செக்கனுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஒரு துடிப்பாகக் கம்பிக்குள் தள்ளும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் யானை சாகாது, வலிக்கும், அவ்வளவே. ஆனால் கம்பியில் ஒரு கொடி படர்ந்தாலும் மின் நிலத்துக்குள் கசிந்துவிடும். எங்கள் பக்கத்தில் கொடி ஏறுவதே மாரி மழையில்தான், பெரும்போக வெள்ளாமை நிற்பதும் அதே மாரியில். அதாவது வேலி அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் அதைத் துப்புரவு செய்ய அதிகம் ஆள் வேண்டும். கம்பி போடக் காசு கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். கொடி வெட்டக் காசு கிடைப்பதுதான் கஷ்டம். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்து ஆட்களை வேலிக்கு விட்டுப் பார்த்தார்கள். அதற்குள் யானையும் படித்துவிட்டது: தந்தத்தில் மின் பாயாது, காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் போட்டால் போதும்.

இந்த வேலிகளுக்குக் காசு வந்த வழிகளில் கடனும் ஒன்று. 2016இல் உலக வங்கி 45 மில்லியன் டொலரில் ஒரு சூழற்றொகுதிப் பாதுகாப்புத் திட்டத்தை அங்கீகரித்தது. மனித–யானை முரண்பாடும் அதன் தலைப்புகளில் ஒன்று. கடன் என்பதால் அதைத் திருப்பிக் கட்டுவது வவுணதீவுக்காரரும் கொழும்புக்காரரும் சேர்ந்துதான். இன்னொரு வழி நுழைவுச்சீட்டு. சட்டத் திருத்தங்களின் வழியே வனசீவராசிகளுக்குத் தனி நிதியம் வந்துவிட்டது. பூங்கா வாசலில் வாங்கும் காசு இப்போது முழுவதும் திறைசேரிக்குள் கரைந்துபோவதில்லை. அமெரிக்காக்காரன் துப்பாக்கியில் எடுத்ததை நாம் ஜீப்பில் வரும் வெள்ளைக்காரனிடம் எடுக்கிறோம் என்று சொல்லலாம். நல்லதுதான். ஆனால் அந்தக் காசு யாலவிலும் உடவளவையிலும் மின்னேரியாவிலும் ஹோர்டன் சமவெளியிலும் குவிகிறது. மாதுறு ஓயா வாசலில் வரிசை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும், பெருந்தொற்றிலும், 2022 நெருக்கடியிலும் விமானம் நின்றபோது அந்த வருமானமும் நின்றது, யானை நிற்கவில்லை.

பெரிய சிக்கல் வேறு. பிரித்விராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வின்படி இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்தப் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர் குடியிருக்கிறார்கள். பூங்கா என்பது யானை வாழும் நாட்டில் ஒரு சிறு துண்டு. ஆனால் சட்டமும், நிதியமும், சீட்டும், காவலரும் அந்தத் துண்டைச் சுற்றியே கட்டப்பட்டவை. வேலியும் அப்படியே. பல இடங்களில் அது யானைக்கும் மனிதனுக்கும் நடுவில் ஓடவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் காணிக்கும் காட்டுத் திணைக்களத்தின் காணிக்கும் நடுவில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. திணைக்களத்தின் எல்லையை யானை படித்துப் பார்த்துக் கடப்பதில்லை.

விளைவு தெரிந்ததே. 2019இல் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் செத்தார்கள். 2023இல் யானை 470ஐத் தாண்டியது, மனிதர் 160ஐத் தாண்டினர். சன்மானமே இல்லாமல் இவ்வளவு. துப்பாக்கி, சட்டவிரோத மின்கம்பி, ரயில், கிணறு; எல்லாவற்றிலும் கொடியது பூசணிக்காய்க்குள் ஒளித்துவைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி. வாய் சிதறிய யானை பட்டினியில் நாள் கணக்காகச் சாகும். மேய்ச்சல் தரையில் மாடும் அதைக் கடித்துச் சாகிறது.

மனிதன் செத்தால் வனசீவராசிகள் திணைக்களம் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு தரும். வீடு இடிந்தாலும் அவர்களிடம்தான் போக வேண்டும். நெல் போனால் அங்கே போகக்கூடாது. அது விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையின் வேலை. 2018 முதல் வரட்சி, வெள்ளம், காட்டு யானை மூன்றையும் ஒரே காப்புறுதிக்குள் வைத்து ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை என்று வகுத்தார்கள். தென்னைக்கும் வாழைக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. பொலிஸ் அறிக்கை, கிராம உத்தியோகத்தர் கடிதம், மரண விசாரணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். யானையைக் காக்கும் செலவில் இந்த நாள்களையும், வாடியில் விழித்த இரவுகளையும், காவலுக்குப் பயந்து சிறுபோகம் செய்யாமல் விட்ட ஏக்கர்களையும் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால், இந்த மாவட்டத்தில் உலக வங்கியைவிடப் பெரிய கொடையாளி படுவான்கரை விவசாயிதான்.

பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம் வேலியை இடம்மாற்றச் சொல்கிறது. காட்டைச் சுற்றி அல்ல, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும். ஊர்வேலி நிரந்தரம். வயல்வேலி விதைப்போடு எழும், அறுவடையோடு கழற்றப்படும். பிறகு யானை உள்ளே வந்து தாளை மேயலாம். வடமேல் மாகாணத்தில் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். கம்பியும் கருவியும் வெளியிலிருந்து வந்தாலும் கம்பம் நடுவதும், கொடி வெட்டுவதும், உடைந்ததை மாற்றுவதும் அங்கே விவசாயிகளின் பொறுப்பு.

கேட்கும்போது புதுமையாகத் தோன்றலாம். மட்டக்களப்பில் மாட்டுக்கு இந்த ஒழுங்கு பழையது. ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, எல்லாவற்றுக்கும் முன்னால் வட்டையிலிருந்து கால்நடை அப்புறப்படுத்தும் திகதி. அதன்படி மாடு மேய்ச்சல் தரைக்கு ஏறும், அறுவடை முடிந்து தாளுக்கு இறங்கும். தீர்மானத்தை மீறினால் தண்டம். அதே கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் வேலி எழுப்பும் திகதியையும் கழற்றும் திகதியையும் எழுத எந்தச் சட்டமும் தடையில்லை.

தடை வேறொன்று. வட்டையில் காணிச் சொந்தக்காரரான போடிமார் பலர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறார்கள். வயல் செய்கிறவர் குத்தகைக்காரர். அடுத்த போகம் இதே காணி கிடைக்குமா என்று அவருக்கே தெரியாது. மூன்று வருடம் நிற்கும் கம்பிக்கு ஒரு போகக் குத்தகைக்காரர் ஏன் காசு போட வேண்டும்? போடியார் போடட்டும் என்பார். காவல் வேலை வயற்காரனுடையது, அது பழைய வழக்கம் என்பார் போடியார். கமக்கார அமைப்பின் கூட்டங்கள் இந்த இடத்தில் வந்துதான் கலைகின்றன. ஏக்கருக்கு ஒரு பங்கு, அதைக் காணிக்காரரும் செய்கைக்காரரும் பாதிப் பாதி, வசூலிப்பது வட்டவிதானை என்று ஒரு யோசனையைப் பேசிப் பார்க்கலாம். வட்டவிதானை என்ற பதவி எப்படி வந்தது, ஏக்கருக்கு நெல் வாங்கும் அதிகாரம் அவருக்கு யார் கொடுத்தது என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)